106ஆம் எண் அட்டை

நான் பேஸ்பால் ஆட்டத்தை நேரில் பார்த்ததே இல்லை. விதிகளும் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் அந்த ஆட்டத்தைச் சார்ந்த ஒரு சின்ன அட்டையின் கதை, வாழ்நாளெல்லாம் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய இந்தக் குமாஸ்தாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வருடம் 1933. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம். எங்கு பார்த்தாலும் வேலையில்லாத் திண்டாட்டம். அந்த நேரத்தில் பாஸ்டனில் இருந்த கௌடி சூயிங்கம் கம்பெனி ஒரு காரியம் செய்தது. ஒரு சென்ட் விலையுள்ள சூயிங்கத்தோடு, பேஸ்பால் வீரரின் வண்ணப் படம் அச்சிட்ட அட்டை ஒன்றையும் வைத்து விற்றது. முன்பக்கம் படம், பின்பக்கம் அவரைப் பற்றிச் சில வரிகள், ஒரு வரிசை எண். மொத்தம் 240 அட்டைகள் என்று பின்பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். புகழ்பெற்ற பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு அட்டைகள்.

பொட்டலத்தைப் பிரித்தால்தான் உள்ளே யார் என்று தெரியும். ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும். அதைப் பள்ளிக்கூட வாசலில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். எல்லா அட்டையும் சமமாகக் கலந்திருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 239 சேர்ந்துவிட்ட பையன் கடைசி ஒன்றுக்காகச் சராசரியாக இன்னும் 240 பொட்டலம் வாங்க வேண்டும். அப்பனுக்கு வேலையில்லாத வீட்டில் அது சின்னத் தொகையா?

இதில் கொடுமை என்னவென்றால், எத்தனை வாங்கினாலும் 106 கிடைக்காது. ஏனென்றால் அந்த வருடம் 106ஆம் எண்ணை அவர்கள் வெளியிடவே இல்லை! பிள்ளைகள் தேடித் தேடி வாங்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள் என்பதே சேகரிப்பாளர்களின் பொதுவான கருத்து.

சிலர் சும்மா இருக்கவில்லை. 106 எங்கே என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 1934இல் கம்பெனி 106ஆம் எண்ணை அச்சடித்தது. கடையில் விற்கவில்லை, கேட்டு எழுதியவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பியது. அட்டையைக் காகிதத்தோடு ஜெம் கிளிப் போட்டு அனுப்பினார்களாம். இன்று மிஞ்சியிருக்கும் அட்டைகள் சிலவற்றில் அந்தக் கிளிப்பின் தடம் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு அந்த வரிசையை முழுமையாக்க நினைப்பவருக்கு மிகப் பெரிய தடை இந்த ஓர் அட்டைதான். விலை சாமானியருக்கு எட்டாது.

அந்த அட்டையில் இருந்தவர் நெப்போலியன் லாஜுவா. பிரெஞ்சுக் கனடிய வம்சாவளி, 1874இல் பிறந்தவர். 1901இல் அவருடைய பேட்டிங் சராசரி .426, அமெரிக்கன் லீக்கில் அதை இன்றுவரை எவரும் எட்டவில்லை. கிளீவ்லாந்து அணிக்கே சில வருடங்கள் அவர் பெயரைச் சுருக்கி ‘நாப்ஸ்’ என்று வைத்திருந்தார்கள். 1916இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அட்டை சேர்த்த பையன்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் படித்தவன் அல்லவா! ‘லா ஜுவா’ என்றால் மகிழ்ச்சி. 239 அட்டைகளைச் சேர்த்த பிள்ளைகளுக்குக் குறைந்தது மகிழ்ச்சி ஒன்றுதான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மிட்டாய்க் கம்பெனி மிருகப் படங்கள் கொடுத்தது. நானும் தம்பியும் ஒரு நோட்டில் ஒட்டி வந்தோம். ஒரே ஒரு கட்டம் கடைசிவரை நிரம்பவில்லை. “அண்ணா, கம்பெனிக்கு ஒரு கடுதாசி போடேன்” என்றான் தம்பி. நம்மை யார் மதிப்பார்கள் என்று நான் எழுதவில்லை. பிற்பாடு எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். எழுதினால் கிடைக்கும், கேளுங்கள் என்று தைரியமும் சொன்னேன். தம்பி கேட்ட அந்த ஒரு கடிதத்தை மட்டும் எழுதவில்லை.

தம்பி இப்போது இல்லை. நோட்டு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அந்தக் காலிக் கட்டத்தோடு. உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் எதையாவது கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னால், தயவுசெய்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்.