களைப்பை அளந்த கதை

குத்துச்சண்டை வீரர் ஒருவர் கையுறை மாட்டுவதற்கு முன் ஒரு தட்டின்மீது நின்று உயரே குதிக்கிறார். பயிற்சியாளர் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். குத்துவதற்கும் குதிப்பதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். விடை காண இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம்.

1798-இல் பிரான்சு நாட்டு ரேனியே ‘டைனமோமீட்டர்’ என்னும் கருவியை வெளியிட்டார். நீள்வட்ட வடிவ எஃகு வில்லை அழுத்தினால் முள் நகர்ந்து விசையைக் காட்டும். ஆனால் அது ஒரு கணத்தின் வலிமையையே காட்டியது. அவ்வலிமை எப்படிக் குறைகிறது? எப்போது மீள்கிறது?

மோஸ்ஸோவின் விரல்

இக்கேள்விகளை எடுத்துக்கொண்டவர் இத்தாலியின் டூரின் நகர உடலியல் பேராசிரியர் ஆஞ்சலோ மோஸ்ஸோ. முன்கையை அசையாமல் கட்டி, நடுவிரலால் ஓர் எடையைச் சீரான தாளத்தில் இழுக்கச் செய்தார். ஒவ்வோர் இழுப்பும் சுழலும் உருளையில் ஒரு கோடாகப் பதிந்தது. கோடுகள் வரவரக் குட்டையாகி, இறுதியில் மறைந்தன. களைப்பு தன் படத்தைத் தானே வரைந்தது! இந்த ‘எர்கோகிராப்’ ஆய்வுகளை மோஸ்ஸோ 1891-இல் நூலாக வெளியிட்டார்.

அவருடன் பணியாற்றிய மஜ்ஜோரா ஒரு விந்தையைக் கண்டார். முப்பது முறை இழுத்துக் களைத்த விரல் முழுதும் மீள இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது. பதினைந்து முறையோடு நிறுத்தினால் ஒரு மணி நேரம் போதும் என்றுதானே கணக்கிடுவீர்கள்? அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது! களைத்த பின்னும் தொடரும் உழைப்புக்குத்தான் உடல் மிகுந்த விலை கொடுக்கிறது. மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திய நாளில் மஜ்ஜோராவின் விரற்கோடுகளும் குட்டையாயின. தேர்வில் களைப்பவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர்!

விசையும் திறனும்

அடுத்து வந்தவர் கணிதம் பயின்று உடலியலுக்கு மாறிய ஏ. வி. ஹில், 1922-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தவளைத் தசையை ஆராய்ந்து, சுமை கூடக்கூடத் தசை சுருங்கும் வேகம் எவ்வாறு குறைகிறது என்பதை 1938-இல் சமன்பாடாகத் தந்தார். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அசைக்க முடியாத சுமையில் வேகம் சுழி. சுமையே இல்லையெனில் விசை சுழி. இரண்டிலும் திறன் இல்லை. இடையில், உச்ச விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் திறன் உச்சமடைகிறது. ஆகவே பெருஞ்சுமை தூக்குபவர் பலமாகக் குத்துவார் என்பது உறுதியன்று.

1985-இல் வெளியான ஆய்வொன்றில், பிரிட்டனின் தொழில்முறை வீரர் ஒருவரின் குத்து ஏறத்தாழ 4,100 நியூட்டன் விசை காட்டியது. இது 400 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடைக்குச் சமம். இவ்விசை கையில் மட்டும் பிறப்பதன்று. தேர்ந்த அமெச்சூர் வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காடு; தேர்ச்சி குறைந்தவர்களிடம் சுமார் 16 விழுக்காடே எனச் சோவியத் ஆய்வாளர்கள் கண்டனர்.

குதித்துப் பார்த்தல்

குதிப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? 1921-இல் சார்ஜென்ட் குதிக்கும் உயரத்தை உடல்திறன் சோதனையாக்கினார். 1983-இல் போஸ்கோவும் உடன் ஆய்வாளர்களும் கால் தரையில் படாத நேரத்தைக் கொண்டே திறனை மதிப்பிட்டனர். நேரத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் உயரம் கிடைக்கும். 0.60 விநாடிக்கு 44 செ.மீ.; 0.56 விநாடிக்கு 38 செ.மீ. கண்ணுக்குத் தெரியாத 0.04 விநாடி, 6 செ.மீ. இழப்பைச் சொல்லிவிடுகிறது! எழும்பும்போதும் இறங்கும்போதும் உடல்நிலை ஒன்றாக இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி இறங்கினால் கணக்கு பொய்க்கும்.

வீரரையே கேட்டால் போதாதா? போதாது. கடும் உழைப்புக்குப் பின் தசையின் முழு வலிமை சில மணி நேரத்தில் மீண்டாலும், மெதுவான மின்துடிப்புகளுக்கு அது தரும் விசை ஒரு நாள் கழிந்தும் குறைந்தே இருப்பதை 1977-இல் எட்வர்ட்ஸ் குழுவினர் காட்டினர். “நான் தயார்” என்று சொல்லும் வீரரின் தசை இன்னும் தயாராகாமல் இருக்கலாம்.

ஒலிம்பிக் போட்டியில் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. இடையே ஒரு நிமிடமே ஓய்வு. அங்கே காலும் கையும் தளர்ந்தவர் தலையைக் காப்பதிலும் தளர்வார். எனவே ஓர் எண்ணைப் பிறர் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவ்வீரரின் வழக்கமான எண்ணோடு நாள்தோறும் ஒப்பிட வேண்டும். பல நாள் தொடர்ந்து தாழ்ந்தால், உறக்கம், உணவு, எடைக்குறைப்பு ஆகியவற்றை விசாரித்துப் பயிற்சியைக் குறைக்க வேண்டும். ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதைத்தான் மோஸ்ஸோவின் உருளை முதல் இன்றைய தட்டு வரை எல்லாக் கருவிகளும் கூறுகின்றன.