பஞ்சப் பெயர்களும் தேசிய நினைவு நாளும்

செகந்திராபாத்தின் வடபுறத்திலுள்ள லோத்குண்டா என்னும் ஊர்ப்பெயருக்குத் தெலுங்கில் 'ஆழமான குட்டை' என்பது பொருள். நீர் நிலைத்த இடத்தை ஊர்ப்பெயர்கள் காட்டுவதைப் போன்று, நீர் பொய்த்த காலத்தை ஆண்டுப்பெயர்கள் காட்டுகின்றன. 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சம் நிசாமின் ஐதராபாத்தையும் மைசூரையும் சென்னை, பம்பாய் மாகாணங்களையும் தாக்கியது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. இவர்களுக்கென ஆண்டுதோறும் அமையும் தேசிய நினைவு நாள் இந்தியாவில் இல்லை. அவ்வாறு ஒரு நாள் ஏற்படுமாயின், அதன் பெயர் எதுவாதல் வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

1. ஆண்டுவழிப் பெயர்கள்

தமிழர் இப்பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்றனர். குண்டூரில் 1832-33இல் நேர்ந்தது 'நந்தன கருவு'. வங்காளத்தின் 1770ஆம் ஆண்டுப் பஞ்சம் வங்க ஆண்டு 1176ஆலும், இராசத்தானின் 1899-1900ஆம் ஆண்டுப் பஞ்சம் விக்கிரம ஆண்டு 1956ஆலும் பெயர் பெற்றன. இப்பெயர்களில் காலம் உண்டு. மாண்டவரும் இல்லை, காரணமும் இல்லை. மேலும், தாது ஆண்டு 1936இலும் 1996இலும் மீண்டும் வந்தது. இனி 2056இல் வரும். அறுபதாண்டுச் சுழற்சியில் அமைந்த பெயர் ஆண்டுதோறும் நினைவுகூர்தலுக்குத் தானே வழிவகுப்பதில்லை.

2. பிறநாட்டு வழக்கு

அயர்லாந்து 2008இல் தேசியப் பஞ்ச நினைவு நாளை ஏற்படுத்த முடிவு செய்தது. அங்கு 1840களின் பஞ்சத்திற்கு ஐரிய மொழியில் வழங்கும் பெயர் 'பெரும்பசி' எனப் பொருள்படும். உக்ரைன் 1998இல் நவம்பர் மாத நான்காம் சனிக்கிழமையை நினைவு நாளாக்கியது. 1932-33ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் குறிக்கும் 'ஒலொதொமோர்' என்பதில் பசியும் சாவும் இணைந்துள்ளன. பசியால் கொல்லுதல் என்னும் கருத்து அதில் புலப்படுகிறது.

3. தன்வினையும் பிறவினையும்

தமிழில் இவ்வேறுபாடு வினையிலேயே வெளிப்படும். 'மாய்ந்தோர்' என்பது தன்வினை. 'மாய்க்கப்பட்டோர்' என்பது பிறவினையின் செயப்பாட்டு வடிவம். மழை பொய்த்தது உண்மை. எனினும், 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளரின் நாள் தானியத்தை ஒரு பவுண்டாகக் குறைத்ததும், சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை எதிர்த்ததும், தானிய ஏற்றுமதி தொடர்ந்ததும் வரலாறே. ஆதலின், இவற்றுள் எவ்வடிவத்தைத் தேர்ந்தாலும் அது ஒரு தீர்ப்பாகும்.

முடிவுரை

'பஞ்ச நாள்' என்னும் பெயர் நிகழ்வை மட்டுமே சுட்டும். 'பஞ்சத்தில் மாண்டோர் நினைவு நாள்' என்பது மக்களை முன்னிறுத்தும். காரணத்தை மறுப்பதுமில்லை, முடிந்த முடிபாக்குவதுமில்லை. அவ்வம்மொழியின் ஆண்டுப்பெயரை அடைமொழியாகக் கொண்டு இவ்வமைப்பைப் பிற இந்திய மொழிகளிலும் பெயர்க்கலாம். மாண்டவருள் பெரும்பாலோரின் பெயர்கள் எழுதப்படவில்லை. ஆதலின், நாளின் பெயரிலாவது அவர்கள் இடம்பெறுதல் வேண்டும்.