முஸ்தாக்: காரகோரத்துக்குள் இன்னொரு பெயர்

காரகோரம் என்ற பெயர் பள்ளிப் புவியியல் பாடத்திலேயே நமக்கு அறிமுகமாகிவிடுகிறது. அந்தத் தொடரை விரிவாகக் காட்டும் ஆங்கில வரைபடங்களில் வேறொரு சொல் திரும்பத் திரும்ப வரும்: பதூரா முஸ்தாக், ஹிஸ்பார் முஸ்தாக், பன்மா முஸ்தாக், பால்டோரோ முஸ்தாக், சியாச்சின் முஸ்தாக், ரிமோ முஸ்தாக், சாசர் முஸ்தாக்.

துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த உய்குரில் ‘முஸ்’ என்றால் பனிக்கட்டி, ‘தாக்’ என்றால் மலை. ‘தாக்’குக்குச் சொந்தங்கள் ஏராளம். கசாக்கியர் ‘தௌ’ என்பார்கள், கிர்கிஸ் மக்கள் ‘தோ’ என்பார்கள். ரஷ்யாவின் தாகெஸ்தான் என்ற பெயரின் முன்பாதியும் இந்த மலைதான். ‘முஸ்’ஸைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். புல்நுனியில் நிற்பது, மூடுபனி, வானிலிருந்து பஞ்சாக விழுவது, பாறையாக இறுகிக் கிடப்பது எல்லாமே தமிழில் பனிதான். துருக்கிய மொழிகளோ வானிலிருந்து விழுவதைக் ‘கர்’ என்றும், இறுகிக் கிடப்பதை ‘முஸ்’ என்றும் பிரித்தே வைத்திருக்கின்றன. கோடையில் கர் உருகிவிடும். உயர்ந்த சிகரங்களில் முஸ் உருகாமல் கிடந்து, பனியாறாக மெல்ல நகரும். முஸ்தாக் என்பது அப்படிப்பட்ட மலை.

காரகோரமும் துருக்கியச் சொல்லே: ‘கர’ கருமை, ‘கோரம்’ உடைகல், சரளை. (நம் ‘கார்’ உடனே நினைவுக்கு வரும். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாது.) லடாக்கின் லேயிலிருந்து யார்க்கந்து செல்லும் வணிகப் பாதையில், சுமார் 5,540 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு கணவாய்க்கு வணிகர்கள் சூட்டிய பெயர் அது. பனியாறு இல்லாத, வறண்ட, கரிய சரளை மேடு. அந்தப் பெயர் கணவாயிலிருந்து தொடர் முழுவதற்கும் பரவியது. 1856இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் தாமஸ் மாண்ட்காமரி தொலைவிலிருந்து சிகரங்களை அளந்தபோது, காரகோரத்தின் முதலெழுத்தை வைத்தே கே1, கே2 எனக் குறித்தார். துருவங்களுக்கு வெளியே உலகின் மிக நீண்ட பனியாறுகள் சில ஓடும் மலைகளுக்குக் கருஞ்சரளை என்று பெயர் நிலைத்தது பொருத்தமே இல்லை என்பது என் கருத்து.

அதே நில அளவையில் பணிபுரிந்த காட்வின் ஆஸ்டின் 1860களில் இந்தப் பனியாறுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘முஸ்தாக் தொடர்’ என்றே குறிப்பிட்டார். காரகோரம் வென்றது, முஸ்தாக் பின்தங்கியது. ஆனால் மறைந்துவிடவில்லை. 1930களில் இந்தப் பகுதியின் பெயர்க் குழப்பங்களைத் தீர்க்க லண்டனில் கூடிப் பேசினார்கள். அதன் முடிவுகளைப் புவியியலாளர் கென்னத் மேசன் 1938இல் வெளியிட்டார். பெருங்காரகோரத்தின் உட்பிரிவுகளுக்கு முஸ்தாக் என்ற பெயர் கிடைத்தது அப்போதுதான். தெற்கே உள்ள சிறுகாரகோரத்தின் மஷர்பிரம், சால்டோரோ போன்றவை வெறும் ‘மலைகள்’ ஆயின. அதனால்தான் ஆங்கிலத்தில் முஸ்தாக் என்ற சொல் பெரும்பாலும் ஓர் இடப்பெயரின் பின்னால் வருகிறது. 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாற்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது சியாச்சின் முஸ்தாக். கே2 நிற்பது பால்டோரோ முஸ்தாக்கில்.

முன்னால் நின்றும் சில பெயர்களை முஸ்தாக் என்ற சொல் ஆக்கியிருக்கிறது. சீனாவின் ஷின்ஜியாங்கில் 7,500 மீட்டரைத் தாண்டி நிற்பது முஸ்தாக் அதா. ‘அதா’ தந்தை. சுவீடன் நாட்டுப் பயணி ஸ்வென் ஹெடின் 1894இல் அதில் ஏற முயன்று முடியாமல் திரும்பினார். காரகோரத்தில் உள்ள முஸ்தாக் கணவாயை 1887இல் வடக்கிலிருந்து கடந்து வந்தார் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி யங்ஹஸ்பண்ட். வழிகாட்டியவர் வலி என்ற பால்டி இனத்தவர். பயணப் புகழ் யங்ஹஸ்பண்டுக்குப் போனாலும், பனிச்சரிவில் இறங்க வழி கண்டவர் வலிதான். முஸ்தாக் கோபுரம் என்ற சிகரத்தை இத்தாலிய ஒளிப்படக் கலைஞர் விட்டோரியோ செல்லா 1909இல் எடுத்த படம், ஏறவே முடியாத சிகரம் என்ற பெயரை அதற்குத் தேடித் தந்தது. 1956இல் பிரிட்டிஷ் குழுவும் பிரெஞ்சுக் குழுவும் சில நாள் இடைவெளியில், வெவ்வேறு முகடுகள் வழியாக அதன் உச்சியை அடைந்தன.

தமிழில் எழுதும் நாம் பால்டோரோ முஸ்தாக் போன்ற பெயர்களைப் ‘பால்டோரோ மலைத்தொடர்’ என்று பொதுவாக்கிவிடுகிறோம். ‘முஸ்தாக் மலை’ என்றால் மலை இருமுறை வந்துவிடுகிறது. பால்டோரோ முஸ்தாக் என்றே எழுதி, முதன்முறை வரும் இடத்தில் ‘பனிக்கட்டி மலை’ என்று பொருள் சொன்னால் போதும்.