தக்கோலப் போரும் படைபுகுந்து மீண்டாரும்

அரக்கோணத்திற்குத் தென்கிழக்கே சில கல் தொலைவில் தக்கோலம் என்னும் ஊர் உள்ளது. திருஞானசம்பந்தர் பாடிய திருவூறல் இவ்வூரேயாகும். கி.பி. 949இல் இவ்வூர்ப்புறத்தே இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனும் முதற் பராந்தகன் மைந்தன் இராசாதித்தனும் பொருத பெரும்போரில், இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே பட்டான். யானைமேல் துஞ்சிய தேவர் என அவன் வழங்கப்பெறுவது இதுபற்றியே. இந்நாளில் தக்கோலத்தை அடுத்து மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையம் உள்ளது. 2025ஆம் ஆண்டில் அதற்கு இராசாதித்த சோழன் பெயர் சூட்டப்பெற்றது. படைபுகும் இளைஞர் முதற்பயிற்சி பெறும் இடத்திற்குக் களத்தில் மாண்ட இளவரசன் பெயரை வைத்தது பொருத்தமே. ஆயினும், அவ்விளவரசனுக்கு உற்ற தோழனாயிருந்தும் அக்களத்தில் இல்லாது போன ஒருவன் வரலாறும் அம்மண்ணுக்கு உரியது. அதனைப் பேசுவார் மிகச் சிலர்.

பழைய வடஆர்க்காட்டுப் பகுதி படைக்கு ஆள் தருவதில் பெயர்பெற்றது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் பட்டாளத்து ஊர் என்றே மக்கள் வழங்குவர். இத்தகைய ஊர்களில், தேர்வில் வென்று பெயர் பதிந்து, பயிற்சி தொடங்கு முன்னரோ தொடங்கிய சின்னாளிலோ மனம் மாறி வீடு திரும்பும் இளைஞனுக்கு ஊரார் இடும் பெயர் ஒன்றே: 'ஓடி வந்தவன்'. போர்க்களத்தில் முதுகு காட்டியவனுக்கும், முகாமிலிருந்து சொல்லாமல் மறைந்தவனுக்கும், களத்தையே காணாமல் முறைப்படி விடைபெற்று வந்தவனுக்கும் இப்பெயர் பொதுவாய் நிற்கிறது. இவ்வொருமை எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பண்டைத் தமிழர் படைபுகுதலை ஒரு சடங்காகக் கொண்டனர் என்பது சங்கச் செய்யுட்களால் போதரும். வேந்தன் தரும் போர்ப்பூவை வீரர் ஏற்றுக்கொள்ளுதல் பூக்கோள் எனப்பட்டது. பூக்கொள்ள வருமாறு தண்ணுமை அறைந்து அறிவித்தலைப் புறநானூற்று 289ஆம் பாட்டிற் காண்கின்றோம். பூவை ஏற்ற அளவிலே உயிர் வேந்தனுக்கு உரித்தாயிற்று. ஏற்பதற்கு முன்னர்த் தயங்கி நின்றார் உளரா எனின், உளர் என்க. 293ஆம் பாட்டில் அத்தண்ணுமை நாணுடைய மாக்களை நோக்கி இரங்குகின்றது. பூவிற்கும் பெண்ணொருத்தியின் பிழைப்பைப் பற்றிக் கவலுவதுபோல் அமைந்த அச்சிறு பாட்டு, எல்லாரும் ஒருங்கே எழுந்து பூக்கொள்ளச் சென்றிலர் என்பதனை நம் செவியில் மெல்லப் போட்டுவிடுகின்றது. புறத்திணை நூல்கள் வீரர்க்கு வகுத்த துறைகள் பல. தயங்கியவனுக்கு எனத் துறை ஒன்றும் வகுத்தில. நாண் என்னும் ஒரு சொல்லே அவனுக்குக் கிடைத்தது.

இனித் தக்கோலத்திற்கு மீள்வோம். போருக்குச் சில ஆண்டுகள் முன்னரே இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையுடன் தங்கியிருந்தான். அவன் படைத்தலைவருள் ஒருவன் மலைநாட்டினனாகிய வெள்ளங்குமரன். பெண்ணையாற்றை அடுத்த கிராமம் என்னும் ஊரில் இவன் சிவபெருமானுக்குக் கற்றளி எடுப்பித்தான். அங்குள்ள கல்வெட்டுக் கலியுகத்தின் 1477037ஆம் நாள் என நாளெண்ணே குறித்தலின், அது கி.பி. 943 சனவரி எனத் துணியப்படுகின்றது. நாளெண்ணிக்கையில் இத்துணைக் கருத்துடையவன் ஆறாண்டுகள் கழித்துத் தன் வாழ்வின் மிகப்பெரிய நாளைத் தவறவிட்டான் என்பது வியப்பே.

வெள்ளங்குமரன் பின்னர் என்னாயினான் என்பதனைத் திருவொற்றியூர் வடமொழிக் கல்வெட்டு உணர்த்துகின்றது. கேரள நாட்டிற் பிறந்து கலைபயின்ற வல்லபன் என்பான் சோழநாடு போந்து இராசாதித்தனுக்கு நெருங்கிய சாமந்தன் ஆனான், தலைவன் களத்தில் மடிந்தபோது உடன் மடியும் பேறு பெற்றிலன், அது தன் குலத்திற்கும் தலைவனுக்கும் தனக்கும் தகாதது என நாணினான், கங்கையாடினான், திருவொற்றியூரில் நிரஞ்சன குருவை அடைந்து துறவு பூண்டு சதுரானன பண்டிதர் எனப் பெயர் பெற்றான். இவ்வல்லபனும் வெள்ளங்குமரனும் ஒருவரே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபு. நாடு, காலம், தலைவன் ஆகிய மூன்றும் ஒத்தலின் யாமும் அதனையே தழுவுகின்றோம்.

அவன் ஏன் உடனிருந்திலன் என்பதற்குக் கல்வெட்டு விளக்கம் கூறிற்றிலது. வேறோரிடம் காக்க ஏவப்பட்டிருத்தல் கூடும் என எளிதிற் கூறி அவனைக் காப்பாற்ற நமக்குத் தோன்றும். அக்கல்வெட்டு அவ்வழியை நாடவில்லை என்பதே கருதத்தக்கது. காரணம் எதுவாயினும் நாணம் ஒன்றே என்னும் கொள்கையினர் அக்காலத்தார். சோழர்தம் வேளைக்காரரும், பாண்டியர்தம் ஆபத்துதவிகளும் தலைவன் பொருட்டு உயிர்கொடுக்கச் சூளுற்றவர்கள். அச்சூளில் விலக்கு இல்லை.

அதே போரில் மற்றைப் பக்கத்தே நிகழ்ந்தது ஒன்றனையும் ஒப்புநோக்கலாம். இராசாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனுக்குப் பரிசு தர முன்வந்தபோது, அவ்வீரன் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் பின்னர்க் காட்டுப் பன்றியொன்றோடு பொருது இறந்தது; அதற்கு நடுகல் எடுத்தனர். ஆதகூர்க் கல்வெட்டு எனப் புகழ்பெற்ற அக்கல்லே தக்கோலப் போருக்கு நமக்குக் கிடைத்த தலையாய சான்றுகளுள் ஒன்று. பொருது மாண்ட நாய்க்குக் கல் நாட்டிய காலத்தில், மாளாது நின்ற மனிதன் தன் நாணத்தைத் தானே கல்லில் வெட்டுவிக்க நேர்ந்தது.

இங்கே மற்றொரு நுட்பம் உண்டு. திருவொற்றியூர்க் கல்வெட்டுப் பொறிக்கப்பெற்றது மூன்றாம் கிருட்டிணனின் இருபதாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 959 அளவில். கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் எனத் தொண்டைமண்டலம் அவனைப் போற்றிய காலம் அது. தன் தலைவனை வீழ்த்திய பகைவனது ஆண்டெண்ணின் கீழேயே அத்துறவி தன் பழங்கதையைப் பதிந்தான்! மறைக்க எண்ணியிருப்பின் மறைத்திருக்கலாம். துறவிக்கு முற்பிறப்பு வினவுவார் இலர். வெண்ணிப் போரில் புறப்புண் நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேரமான் பெருஞ்சேரலாதனை இவனோடு வைத்துக் காண்க. அவனுக்கு நாணத்தின் முடிவு இறப்பு. இவனோ குறைந்தது பத்தாண்டுகள் ஊரறிய வாழ்ந்து, திருமடத்தின் தலைவனாகி, இறைவனுக்குப் பொன் கொடுத்து அறம் செய்தான். பழைய மரபுக்குள்ளேயே, களத்தைத் தவறவிட்டவன் மதிப்போடு வாழ்தற்கு ஒரு வழி திறந்திருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் கண்டதில்லை.

படைபுகுதலுக்கும் படைவீரன் ஆதலுக்கும் இடையே சட்டத்தால் ஓர் இடைவெளி அமைத்தது பிற்காலத்து வழக்கு. இங்கிலாந்தில் அரசனது வெள்ளிக்காசை வாங்கியவனை ஒருநாள் கழிந்த பின்னரே, நான்கு நாளுக்குள், நடுவர்முன் நிறுத்தினர். அங்கு அவன் மறுப்பானாயின் வாங்கிய பணத்தோடு இருபது ஷில்லிங் செலுத்தி விடுபடலாம். குடிமயக்கத்தில் காசு வாங்கியவர் தெளிந்தெழ வேண்டுமன்றோ! நம் நாட்டில் 1950ஆம் ஆண்டின் படைச்சட்டம் பெயர்ப்பதிவையும் உறுதிமொழியையும் இருவேறாகப் பிரித்துள்ளது. பெயர் பதிந்தவன் பணிக்குத் தக்கவன் எனக் காணப்பட்ட பின்னரோ தகுதிகாண் காலம் முடிந்த பின்னரோதான் தன் படைப்பிரிவின் முன்னிலையில் உறுதிமொழி ஏற்கின்றான். மூன்று திங்கள் ஊதியம் பெற்றவன் தன் பதிவைக் குறைகூறி விடுதலை கோருதல் இயலாது என்பது பதினைந்தாம் பிரிவு. அதற்கு முன்னர்க் கோரலாம். கோரினும், விடுவிக்கப்பெறும்வரை அவன் படையினனே. உறுதிமொழி ஏலாதவரை விடுவிக்கும் அதிகாரம் அவர்தம் கட்டளைத் தலைவரிடமும், புதியவராயின் ஆட்சேர்ப்பு அலுவலரிடமும் உள்ளது. கேளாமற் போவது வேறு. அது முப்பத்தெட்டாம் பிரிவின்படி படைவிட்டோடிய குற்றம். போர்ப்பணி இல்லாத காலத்தும் ஏழாண்டு வரை சிறைக்கு உரியது.

ஆகவே விடை கேட்டுப் பெற்ற தாள் ஒன்றே இருவரையும் பிரிக்கின்றது. சட்டம் பிரித்ததனை ஊர்ப்பேச்சுப் பிரிக்கவில்லை. பூவேற்றார்க்கு உரிய பழைய கடுமையைப் பூவேலாதார் மீதும் அது சுமத்துகின்றது. களத்தில் தோற்றோடுதற்குப் புறங்கொடை என்னும் சொல் நம்மிடம் உண்டு. முகாமிலிருந்து மறைதற்கு ஓட்டம் என்பது போதும். உறுதிமொழிக்கு முன் முறையாக விடைபெறுதலை மீட்சி எனலாம். கலைச்சொல் தொகுப்போர் இம்மூன்றனையும் தனித்தனியே பதிதல் வேண்டும்.