நாம் துயிலும் வேளையிலே

மேடையேறி, எங்கோ இருக்கும் கொடியவனை ஏசினால் கூட்டம் கைதட்டும். கேட்க வந்தவர்களையே குற்றக் கூண்டிலேற்றினால்? 1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கூடிய பெண்கள் வாக்குரிமை மாநாட்டில், அத்தகைய துணிவைக் காட்டினார் பிளாரன்ஸ் கெல்லி அம்மையார்.

அவர் செல்வாக்குள்ள குடும்பத்துப் பெண். தந்தை நாடாளுமன்ற உறுப்பினர். சிறுமியாக இருக்கையிலேயே தந்தையுடன் கண்ணாடித் தொழிற்சாலைக்குச் சென்று, அங்கே உழைக்கும் சிறுவர்களைக் கண்ணாரக் கண்டவர். இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலைபற்றி எங்கெல்ஸ் எழுதிய நூலை ஆங்கிலமாக்கியவர். 1893இல் இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளரானவர்.

ஆய்வாளரல்லவா, கணக்கோடுதான் தொடங்குகிறார்: 16 வயதுக்குட்பட்ட 20 இலட்சம் குழந்தைகள் உழைத்துப் பிழைக்கிறார்கள் என்று. ஆனால், தோழர்களே, இலட்சம் என்பது கண்ணுக்குத் தெரியாத தொகை. கேட்டவர் வியப்பர், வீடு சென்றதும் மறப்பர். அம்மையார் அதை அறிவார். ஆகவே அடுத்துச் சொல்கிறார்: இன்றிரவு நாம் உறங்குகையில், பல்லாயிரம் சிறுமிகள் காதைப் பிளக்கும் ஆலை ஓசையிடையே, நாம் வாங்குவதற்காக நூற்றும் நெய்தும் கொண்டிருப்பர் என்று!

இன்றிரவு! இனி அவையோர் தலையணையில் தலை வைப்பதெங்ஙனம்? அதன்பின் சில மாநிலங்களின் சட்டங்களை எடுத்துக் காட்டுகிறார். அலபாமாவில் சிறார்க்கு இரவு வேலை 8 மணி நேரம் என்று வரம்பாவது உண்டு. ஜார்ஜியாவில் எந்த வரம்பும் இல்லை. நூற்கண்டை எட்டிப் பிடிக்கும் உயரமிருந்தால் போதும், 6 வயதுச் சிறுமியும் 11 மணி நேரம் உழைக்கலாம். வறண்ட சட்டச் செய்திதான். ஆனால் அதன் முடிவிலே மீண்டும் வருகிறது அந்தச் சொல்: நாம் உறங்குகையில்.

ஆலை முதலாளியை அவர் அதிகம் திட்டவில்லை. நாம் அணியும் காலணி, நம் காலுறை, நம் தொப்பி யாவும் அப்பிஞ்சுக் கரங்கள் செய்தவை என்கிறார். பின்னர்க் கேட்கிறார்: தாய்மாருக்கும் ஆசிரியைகளுக்கும் வாக்கிருந்தால் ஜார்ஜியாவின் சட்டமன்றம் இப்படி வாளாவிருக்குமா? தாயோடு ஆசிரியையையும் சேர்த்தாரே, அது என்போன்ற பள்ளி ஆசிரியனுக்குத் தனி மகிழ்ச்சி!

வாக்குரிமைக்குக் குழந்தைகளைக் கருவியாக்கினார் என்று சிலர் குறை கூறலாம். எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. வாக்கில்லாதவரும் பழிக்குப் பங்காளிகளே என்று சொன்னவர், அவர்களை அழவிட்டுப் போய்விடவில்லை. வாக்குள்ள தொழிலாளத் தோழர்களை அணுகுங்கள், குழந்தைகளை விடுவிக்க அவர்களைத் துணை சேருங்கள் என்று வேலை கொடுத்தார்.

வேலை நீண்டது. குழந்தைத் தொழிலுக்கு எதிராக 1916இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தை, 1918இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. அப்படிச் சொன்ன நீதிபதிகள் ஐவர், மாறுபட்டவர் நால்வர். 1920இல் பெண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறிற்று. 1932இல் அம்மையார் மறைந்தார். மாநிலம் கடந்து விற்கும் சரக்கைச் செய்யும் ஆலைகளில் 16 வயதுக்குட்பட்டோரை அமர்த்தலாகாது என்ற சட்டம் பிறந்தது 1938இல்.