நண்பகல் அரைமணி

பனமரத்துப்பட்டியில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. அரளித் தோட்டத்தில் பெண்கள் மொட்டுப் பறிக்கின்றனர். அம்மொட்டுகள் மாலையாகி, கல்லாக நிற்கும் கடவுளின் கழுத்திலே வாடுகின்றன. பறித்த கை நோவதை எண்ணிப் பார்த்தவர் யார்? 1911-ஆம் ஆண்டு இவ்வூரில் ஏரி அமைத்தார்கள், சேலம் நகரின் தாகம் தீர்க்க. நகரத்தின் தாகத்தை அளந்து பார்க்க ஆட்கள் இருந்தார்கள். பாட்டாளியின் களைப்பை அளந்து பார்க்கத்தான் ஆளில்லை. ஏன்? தலையெழுத்து என்றார் சாத்திரம் படித்தவர். சோம்பல் என்றார் முதலாளி. தலையெழுத்தை அளக்க முடியுமோ! சோம்பலை அளக்க வேண்டுமோ!

இவ்விரு சொற்களையும் மறுத்து எழுந்த குரல் ஒன்றின் வரலாற்றை நாம் நினைவுகூர வேண்டும்.

1918. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள். ஆயிரக்கணக்கான தோழர்கள் அங்கே உழைத்தனர். நண்பகல் உணவுக்கு விடப்பட்ட நேரம் அரைமணி. அதற்குள் கை கழுவி, உண்டு, மீண்டும் எந்திரத்தின் முன் வந்து நின்றாக வேண்டும். "அரைமணி போதாது" என்பதுதான் அவர்களுடைய முதன்மையான குறை. செல்வபதியும் இராமானுஜலுவும் அக்குறையைக் காது கொடுத்துக் கேட்டனர். பி. பி. வாடியாவை அழைத்து வந்தனர், திரு. வி. க.வும் துணை நின்றார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா, அன்னி பெசன்ட் அம்மையாரோடு பிரம்மஞான சபையில் பணியாற்றியவர். அக்கொள்கைக்கும் நம் கொள்கைக்கும் தூரம் அதிகம். ஆயினும், செய்த நன்மையைச் செய்தவர் பெயரிலே எழுதுவதுதான் நேர்மை.

அடுத்து நடந்தது என்ன? சங்கத் தலைவர்கள்மீது வழக்கு, உயர்நீதிமன்றத்தில் தடையாணை. 1921-இல் பல திங்கள் நீடித்த வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. அந்த வேலைநிறுத்தத்தை உடைத்தது எது தெரியுமா? சாதி! ஒரே தறியோசையைக் கேட்டவர்கள், ஒரே சங்கொலிக்கு ஓடி வந்தவர்கள், ஆதிதிராவிடர் ஒருபுறம், சாதி இந்துக்கள் மறுபுறம் என்று பிளந்தனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. முதலாளி மூட்டாத தீயையும் சாதி மூட்டித் தந்தது.

ஆனாலும் அந்தக் குரல் அடங்கவில்லை. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, இடையில் அரைமணியேனும் ஓய்வு தர வேண்டும் என்று அது விதித்தது.

அரைமணியின் கதை இத்துடன் முடியவில்லை. அதே சென்னையில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, பொருளியல் அறிஞர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். 2021-இல் அது வெளிவந்தது. ஏழை எளியோர் 452 பேர். கணிப்பொறியில் விவரங்களைப் பதியும் வேலை. செய்த வேலைக்கேற்பக் கூலி. இரவில் எட்டுமணி நேரம் படுத்தும் அவர்கள் உறங்கியது ஐந்தரை மணியளவே. யாருக்கு எந்த உதவி என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு இரவு உறக்கம் கூட வழி செய்தனர். நாளொன்றுக்கு 27 நிமிடம் உறக்கம் கூடிற்று. வேலையில் மாற்றம் தென்படவில்லை. மற்றொரு பகுதியினரைப் பிற்பகலில் வேலையிடத்திலேயே அரைமணி உறங்க விட்டனர். வேலைத் திறன் உயர்ந்தது, கவனம் கூடிற்று, மனநிறைவும் மிகுந்தது.

சோம்பல் என்றார்களே, அந்தச் சொல் எங்கே போயிற்று? ஐயப்படு, சோதித்துப் பார், பிறகு நம்பு என்பதுதானே பகுத்தறிவு! சோதித்துப் பார்த்தார்கள், பெரம்பூர்த் தொழிலாளி வென்றான்.

ஆனால் தோழர்களே, மகிழ்ந்து கைதட்டுமுன் அடுத்த வரியையும் படியுங்கள். அதே அரைமணியை வேலையிலேயே கழித்தவர்களோடு ஒப்பிட்டால், உறங்கியவர்களின் வருமானம் குறைந்தது. திறன் கூடியும், இழந்த நேரத்தை அது ஈடுகட்டவில்லை. அப்படியானால் அந்த அரைமணிக்கு விலை கொடுப்பவர் யார்? ஓய்வுக்கும் கூலி உண்டென்றால் முதலாளி. இல்லையென்றால் தொழிலாளியின் வயிறு.

பெங்களூரில் நடந்ததையும் பாருங்கள். ஆயத்த ஆடை ஆலைகளில், பேச்சுத்திறன், காலத்தைப் பகுத்து வாழ்தல் முதலிய பயிற்சிகளைக் குலுக்கலில் தேர்ந்த பெண்களுக்கு அளித்து ஆராய்ந்தனர். உற்பத்தித் திறன் நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்ந்தது. செலவிட்ட பணத்தைப் போல் இருமடங்குக்கு மேல் நிறுவனம் ஆதாயம் கண்டது. கூலி? நூற்றுக்கு ஒன்றுகூட உயரவில்லை! கற்றவள் அவள், பெற்றவன் அவன்.

ஆய்வு வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அளவுகோல் வேண்டும். அதன் ஒரு முனை தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும். ஆதாயம் தருவதால்தான் ஓய்வு தரலாம் என்று ஒப்புக்கொண்டால், ஆதாயம் தராத நாளில் ஓய்வைப் பறிக்கவும் ஒப்புக்கொண்டவர்களாவோம். மனிதன் என்பதாலேயே அவனுக்கு ஓய்வு உரிமை.

தமிழகம் இதை அறியாததன்று. கடைகளில் நாளெல்லாம் நின்ற பெண்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் சட்டமாக்கிற்று. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்ட திருத்தத்தை 2023 ஏப்ரலில் அதே சட்டமன்றம்தான் நிறைவேற்றிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. மே நாளில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெற்றார். நம் ஆட்சி என்று நாம் உறங்கியிருந்தால், எட்டுமணி நேரம் பறிபோயிருக்கும்.

பனமரத்துப்பட்டி அரளித் தோட்டத்துக்கு வாயிற்கதவும் இல்லை, சங்கும் ஊதுவதில்லை. தொழிற்சாலைச் சட்டத்தின் அரைமணி அங்கே எட்டியதும் இல்லை. மொட்டுப் பறிக்கும் தாயிடம் சென்று கேளுங்கள்: "எத்தனை மணிக்கு எழுந்தாய்? எப்போது உண்டாய்? எவ்வளவு கூலி?" இளைஞர்களே, இக்கேள்விகளுக்கு விடையை ஊர்தோறும் எழுதி வாருங்கள். பெரம்பூரிலும் சங்கம் இப்படித்தான், ஒரு குறையைக் காது கொடுத்துக் கேட்டதிலிருந்துதான் பிறந்தது.