நிலத்தடிப் பொன்னும் மதிப்பீட்டின் வரலாறும்

சுரங்கத் தொழிலின் வரலாற்றை ஆராய்வோர் முதலீட்டையும் தொழிலாளர் நிலையையும் விரிவாக நோக்குவர். நிலத்தினடியிலுள்ள தாது எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்ற வினா அத்துணைக் கவனத்தைப் பெறுவதில்லை. ஆயினும், எப்பகுதியைத் தோண்டுவது, எப்பகுதியைக் கைவிடுவது என்ற முடிவு அம்மதிப்பீட்டிலேயே தங்கியுள்ளது. தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்ராண்ட் பொன்வயல்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

1886 ஆம் ஆண்டில் அங்கு பொன் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, சாய்ந்து கீழிறங்கும் மெல்லிய தாதுப் படைகளைப் பின்பற்றிச் சுரங்கங்கள் ஆழமாயின. சுரங்க வழிகளின் சுவர்களிலிருந்து இடைவெளி விட்டு மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஒரு தொகுதியைச் சூழ எடுத்த மாதிரிகளின் சராசரியே அத்தொகுதி முழுவதன் தரமெனக் கொள்ளப்பட்டது. பொன்னோ சீராகப் பரவியிருப்பதன்று. பெரும்பாலான மாதிரிகள் குறைந்த தரத்தைக் காட்ட, மிகச் சிலவே மிக உயர்ந்த தரத்தைக் காட்டின. இதன் விளைவாக, வளமிக்கவை என மதிப்பிடப்பட்ட தொகுதிகள் எதிர்பார்த்ததிலும் குறைவாகவும், வளங்குன்றியவை எனப்பட்டவை கூடுதலாகவும் பொன் தந்தன.

சுரங்கப் பொறியியலாளரான டானி கிரிகே இவ்வழுவைப் புள்ளிவிபரவியல் அடிப்படையில் ஆராய்ந்து 1951 இல் வெளிப்படுத்தினார். சுரங்கங்களில் திரண்டிருந்த மாதிரிப் பதிவுகளே அவருக்கு ஆதாரமாயின. ஒரு தொகுதியின் மாதிரிகளை மட்டும் நம்பாது, சூழவுள்ள பரப்பின் சராசரியையும் இணைத்தே அதன் தரத்தைக் கணிக்க வேண்டுமென அவர் காட்டினார். பிரான்சைச் சேர்ந்த ஜோர்ஜ் மத்தெரோன் 1960களில் இக்கருத்தைக் கணிதக் கோட்பாடாக வளர்த்தார். தூரம் கூடக்கூட மாதிரிகளிடையேயான வேறுபாடு எவ்வாறு மாறுகின்றது என அளந்து, அதற்கேற்ப ஒவ்வொரு மாதிரிக்கும் நிறை வழங்குவதே அம்முறையாகும். 'கிரிகிங்' என்ற அதன் பெயர் முன்னோடியை நினைவூட்டுகின்றது.

நிலத்தடிச் சுரங்கத்தில் இத்திருத்தம் பெருமதிப்புடையது. தவறான இடத்தில் அமைத்த குழியை நகர்த்த இயலாது. கைவிட்ட தொகுதிக்கு மீள்வதும் எளிதன்று. எனினும், தோண்டத் தகுந்த குறைந்தபட்சத் தரம் எதுவென்பதை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. பொன்னின் விலையும் உற்பத்திச் செலவும் அதனை நிர்ணயிக்கின்றன. விற்வாட்டர்ஸ்ராண்டில் ஆபிரிக்கத் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட மிகக் குறைந்த கூலியே தரங்குன்றிய தாதுவையும் இலாபந் தரும் 'வளம்' ஆக்கியது. ஆகவே, சுரங்கத்தின் மதிப்பீட்டேடுகளைக் கூலிப் பதிவேடுகளுடன் சேர்த்து வாசிப்பது வரலாற்று மாணவரின் கடமையாகும்.